பழைய குடும்பப் புகைப்படங்களைச் சீர்செய்தல்: ஸ்டூடியோவா, சொந்தக் கையா, செயலியா?

வீட்டிலுள்ள பழைய புகைப்படம் ஒன்றைச் சீர்செய்ய நினைப்பவர் முன்னால் இன்று நான்கு வழிகள் இருக்கின்றன. ஊரிலுள்ள ஸ்டூடியோவில் கொடுத்து டச்சிங் செய்து வாங்கலாம். ஃபோட்டோஷாப், கிம்ப் போன்ற மென்பொருளைப் பழகி நாமே செய்யலாம். ரெமினி, மைஹெரிடேஜ் போன்ற செயலிகளில் ஏற்றி ஒரே தட்டலில் தெளிவாக்கிக்கொள்ளலாம். அல்லது சாட்ஜிபிடி, ஜெமினி ஆகியவற்றிடம் படத்தைக் கொடுத்து, புதிதுபோல் ஆக்கித் தரும்படி எழுதிக் கேட்கலாம். இவற்றுள் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. படத்தின் எந்தப் பகுதியை ஊகத்துக்கு விடலாம், எதை விடக் கூடாது என்று முதலில் தீர்மானித்துக்கொண்டால் வழியைத் தேர்வது எளிதாகிவிடும். பின்னணித் திரையில் படர்ந்த பூஞ்சைப் புள்ளியை இயந்திரம் ஊகித்து நிரப்பினால் யாருக்கும் நட்டமில்லை. பாட்டியின் இடது கண்ணை அவ்வாறு நிரப்பினால், பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும், அது வேறு யாருடைய கண்ணோதான்.

நான்கு வழிகளுக்கும் பொதுவான முன்வேலை, காகிதப் படத்தை டிஜிட்டல் கோப்பாக மாற்றுவது. அதில் கோட்டை விட்டவருக்கு எந்த வழியும் கைகொடுக்காது. கூகுள் 2016இல் வெளியிட்ட ஃபோட்டோஸ்கேன் என்ற கைபேசிச் செயலி, ஒரே படத்தைப் பல கோணங்களிலிருந்து எடுத்து ஒன்றாக்கி, மேற்பரப்பில் விழும் விளக்கொளியை நீக்கிவிடுகிறது. உறவினர் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் படத்தைக் கழற்றித் தரும்படி கேட்கத் தயங்கும் நேரங்களில் இது பெரிய உதவி. ஆயினும் சீர்செய்வதற்கான மூலக்கோப்புக்குப் படத்தைக் கண்ணாடியின் மேல் கவிழ்த்து வைக்கும் பிளாட்பெட் ஸ்கேனரையே பரிந்துரைப்பேன். கைபேசிக் கேமராக்கள் படமெடுத்த கணத்திலேயே தம் போக்கில் புள்ளிகளை மழுக்கி, விளிம்புகளைக் கூர்மையாக்கிவிடுகின்றன. மூலத்தில் இருந்த நுண்விவரம் எது, கைபேசி சேர்த்தது எது என்று பிறகு பிரித்தறிய முடிவதில்லை.

4×6 அங்குலப் படத்தை 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) அளவில் ஸ்கேன் செய்தால் 2400×3600, அதாவது சுமார் 86 லட்சம் பிக்சல்கள் கிடைக்கும். பெரும்பாலான வீட்டுப் படங்களுக்கு இது போதும். பாஸ்போர்ட் அளவுப் படங்களுக்கும் பலர் சேர்ந்து நிற்கும் குழுப் படங்களுக்கும் 1200 வரை போகலாம். அதற்கு மேல் பதிவாவது பெரும்பாலும் காகிதத்தின் இழைதான். கோப்பை விவரம் இழக்காமல் சேமிக்கும் டிஃப் (TIFF) வடிவில், வசதியிருந்தால் ஒரு வண்ணத்துக்கு 16 பிட் என்ற அளவில் சேமிப்பது நல்லது. வெளிறிப்போன படத்தின் ஒளியையும் நிழலையும் விரித்துத் திருத்தும்போது 8 பிட் ஜேபெக் கோப்பில் நிறங்கள் பட்டை பட்டையாகப் பிரிந்து தெரியும். கேனன் லைடு வரிசை போன்ற மெல்லிய ஸ்கேனர்கள் விலை குறைந்தவை, ஆனால் கண்ணாடியோடு ஒட்டிக் கிடப்பதை மட்டுமே கூர்மையாகப் பதிபவை. தடித்த அட்டையோடு சேர்ந்து வளைந்துபோன பழைய ஸ்டூடியோப் படங்களுக்கு கண்ணாடியிலிருந்து சற்று விலகியிருப்பதையும் தெளிவாகப் பதியும் எப்சன் வி600 போன்ற சிசிடி வகை ஸ்கேனரே பொருந்தும். படத்தின் பின்புறத்தையும் ஸ்கேன் செய்துகொள்ள வேண்டும். பென்சிலில் எழுதிய பெயரும் தேதியும் ஸ்டூடியோ முத்திரையும் அங்கேதான் இருக்கும்.

சில படங்கள் ஸ்கேனருக்கும் அடங்குவதில்லை. கறுப்பு வெள்ளைப் படங்களின் இருண்ட பகுதிகளில் நீலச் சாயலோடு மின்னும் ஒரு படலம் தெரிந்தால், அது காகிதத்திலிருந்த வெள்ளி ஈரப்பதத்தாலும் காற்றின் மாசாலும் மேற்பரப்புக்கு வந்து படிந்தது. துடைத்தால் போகாது, துடைக்கவும் கூடாது. இரு பக்கமும் 45 பாகையில் விளக்கு வைத்து, விளக்குக்கும் லென்ஸுக்கும் பிரதிபலிப்பைத் தடுக்கும் போலரைசர் வடிகட்டி பொருத்திக் கேமராவால் நகலெடுத்தால் அந்த மினுக்கம் பெரிதும் அடங்கும். 1970களிலும் 80களிலும் புழங்கிய சொரசொரப்பான தாளில் அச்சிட்ட படங்களை ஒரு முறை நேராகவும் ஒரு முறை தலைகீழாகவும் வைத்து ஸ்கேன் செய்து, இரண்டையும் பொருத்திச் சராசரி எடுத்தால் குழிகளின் நிழல் மங்கிவிடும். சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிரிக்க முயல வேண்டாம். படத்தைத் தாங்கியிருக்கும் ஜெலட்டின் படலம் கண்ணாடியோடு உரிந்து வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே நகலெடுத்துக்கொண்டு, மூலத்தைக் காப்பாற்றியே ஆக வேண்டும் என்றால் பாரம்பரியப் பொருள்களைக் காக்கும் இன்டாக் போன்ற அமைப்புகளின் பாதுகாப்புக் கூடங்களில் உள்ள பயிற்சி பெற்றவர்களிடம் கொடுப்பதே முறை.

எந்த வழியைத் தேர்ந்தாலும் மாறாத ஒரு கணக்கு இருக்கிறது. நம் வீடுகளில் இந்த வேலை பெரும்பாலும் ஒரு மரணத்தை ஒட்டியே வருகிறது. மாலை போட்டு மாட்டுவதற்கு 12×18 அங்குலத்தில் படம் வேண்டும். இருப்பதோ ஒரு கல்யாணக் குழுப் படத்தின் மூன்றாம் வரிசையில், அடுத்தவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கும் 8 மில்லிமீட்டர் உயர முகம் ஒன்று. அந்த முகம் 600 டிபிஐயில் ஏறத்தாழ 190 பிக்சல் உயரம் கொண்டதாக இருக்கும். அதை 4 அங்குல உயர முகமாகப் பெரிதாக்கினால் அங்குலத்துக்கு 50 பிக்சல்கூடத் தேறாது. நல்ல அச்சுக்கு 300 தேவை என்று வைத்துக்கொண்டால், அந்த முகத்தில் நாம் காணப்போகும் புள்ளிகளில் மிகப் பெரும்பான்மையானவை எங்கிருந்தோ வரவழைக்கப்பட வேண்டியவை. ஸ்டூடியோக்காரர் வரவழைத்தாலும் செயலி வரவழைத்தாலும் அவை ஊகமே. இத்தகைய படத்தைச் சிறிய அளவில், சற்று மங்கலாகவே மாட்டுவது மேல் என்று நான் சொல்வேன். கருமாதிக்கு முந்தைய நாளில் அந்தச் சொல் எடுபடாது என்பதும் தெரியும்.

ஸ்டூடியோவின் பெரிய பலம், அங்கே ஒரு மனிதர் அமர்ந்து செய்கிறார் என்பதுதான். மூக்குத்தி இருந்ததா, அது வலப்பக்கமா இடப்பக்கமா என்று அவர் கேட்பார். அவரிடம் வேறொரு படத்தைக் காட்டி விளக்கலாம். கிழிந்து இரண்டு துண்டான படத்தையும், முகத்தின் குறுக்கே மடிப்பு விழுந்த படத்தையும் கைதேர்ந்த ஒருவர் சீர்செய்வதைப் பார்த்தால், இயந்திரங்கள் இன்னும் அந்த நிதானத்துக்கு வரவில்லை என்றே தோன்றும். ஆனால் ஸ்டூடியோக்களுக்கென்று ஒரு மரபான ரசனையும் உண்டு. கேட்காமலே நிறத்தை வெளுப்பாக்குவார்கள். பின்னணியை அழித்து நீல வானம் வைப்பார்கள். வெற்று மேலில் துண்டு போட்டிருந்த தாத்தாவுக்குக் கழுத்துக்குக் கீழே யாருடைய கோட்டையோ மாட்டிவிடுவார்கள். இது கணினி வந்தபின் தோன்றிய பழக்கமும் அன்று. கண்ணாடி நெகட்டிவ்களின் காலத்திலேயே பென்சிலால் நெகட்டிவ் மீது தீட்டி முகச் சுருக்கங்களை மறைப்பது உலகெங்கும் ஸ்டூடியோத் தொழிலின் பகுதியாக இருந்தது. ஆகவே கொடுக்கும்போதே எழுதிக் கொடுப்பது நல்லது: முகத்தைத் தொட வேண்டாம், நிறத்தை மாற்ற வேண்டாம், உடையையும் பின்னணியையும் அப்படியே விட வேண்டும். மூலப் படத்தை விட்டுவிட்டு வராமல் ஸ்கேன் கோப்பை மட்டும் கொடுக்க வேண்டும். அச்சோடு, லேயர்கள் (மூலத்தின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த திருத்த அடுக்குகள்) கலைக்கப்படாத கோப்பையும் கேட்டு வாங்க வேண்டும். இன்று பல கடைகளிலும் உள்ளே நடப்பது அதே செயலி வேலைதான் என்பதால், கையால் செய்கிறீர்களா என்று நேராகக் கேட்டுவிடுவதில் தவறில்லை.

நாமே செய்வதற்கு வேண்டியது பணத்தைக் காட்டிலும் பொறுமை. ஃபோட்டோஷாப்புக்கு மாதச் சந்தா உண்டு, கிம்ப் இலவசம், பிரௌசரிலேயே இயங்கும் ஃபோட்டோபீயையும் பணம் கட்டாமல் பயன்படுத்தலாம். 2002இல் ஃபோட்டோஷாப் 7இல் அறிமுகமான ஹீலிங் பிரஷ், அருகிலுள்ள நல்ல பகுதியின் இழையை எடுத்துச் சேதத்தின் மேல் வைத்து, நிறத்தையும் ஒளியையும் சுற்றுப்புறத்தோடு இசைத்துவிடுகிறது. இந்த ஒரு கருவியையும், ஓரிடத்தை அப்படியே இன்னோரிடத்தில் நகலெடுக்கும் குளோன் ஸ்டாம்பையும் பழகிக்கொண்டால் வீட்டுப் படங்களில் வரும் கீறல், பூஞ்சைப் புள்ளி, வெள்ளிப்பூச்சி அரித்த தடம் ஆகியவற்றில் பெரும்பகுதியைத் தீர்த்துவிடலாம். எல்லாத் திருத்தத்தையும் மூலத்துக்கு மேல் தனி லேயரில் செய்ய வேண்டும் என்பதே ஒரே விதி. அப்படிச் செய்தால் எதை மாற்றினோம் என்பது என்றைக்கும் தெரியும், வேண்டாதபோது அழித்துவிடலாம். செயலிகளில் இந்த வசதி கிடையாது.

செயலிகளைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும், ஏனெனில் இன்று பெரும்பாலோர் முதலில் கையை வைப்பது அங்கேதான். மங்கிய முகத்தைத் தெளிவாக்கும் மென்பொருள்கள் எவ்வாறு இயங்குகின்றன என்பதை 2021இல் டென்சென்ட் ஆய்வகத்திலிருந்து வந்த ஜிஎஃப்பிகேன் போன்ற திறந்தநிலைக் கருவிகளைக் கொண்டு அறியலாம். ஏராளமான தெளிவான முகங்களைக் கற்று, முகம் என்றால் எப்படி இருக்கும் என்ற பொதுக் கருத்து ஒன்றை அவை வைத்திருக்கின்றன. மங்கலான முகத்தைக் கண்டதும் அந்தப் பொதுக் கருத்திலிருந்து இமை, புருவம், பல், தோலின் துளை ஆகியவற்றை வரைந்து சேர்க்கின்றன. ஜிஎஃப்பிகேன் கற்ற எஃப்எஃப்எச்க்யூ என்ற தொகுப்பு, ஃபிளிக்கர் தளத்திலிருந்து என்விடியா நிறுவனம் திரட்டி 2019இல் வெளியிட்ட 70,000 முகங்களைக் கொண்டது. அந்தத் தளத்தின் சாய்வுகள் தொகுப்பிலும் இருக்கும் என்பதை வெளியிட்டவர்களே எழுதியிருக்கிறார்கள். ஃபிளிக்கரில் படமேற்றிய உலகம் எது, ராமநாதபுரத்துப் பாட்டி ஒருவரின் 1940களின் முகம் அதில் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம். டியூக் பல்கலைக்கழகத்தில் உருவான பல்ஸ் என்ற கருவி, 2020இல் பராக் ஒபாமாவின் கட்டம் கட்டமாக மங்கிய படத்தை வெள்ளையர் முகமாகத் தெளிவாக்கிக் காட்டியது அப்போது உலகெங்கும் பேசப்பட்டது. பின்வந்த கருவிகள் அந்த அளவுக்குத் தடுமாறுவதில்லை. சாய்வு மட்டும் மென்மையான வடிவில் தொடர்கிறது.

அது எங்கே வெளிப்படும் என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும். நெற்றியில் மூன்று கோடாகப் பூசிய திருநீறு, வெளிறிய படத்தில் ஒரு கறையைப் போலவே பதிந்திருக்கும். தோலைச் சீராக்கும் கருவி அதைக் கறை என்றே எண்ணித் துடைத்துவிடும். புல்லாக்கு மேலுதட்டின் நிழலாக மாறும். பாம்படம் அணிந்து நீண்ட காதுமடல், அப்படிப்பட்ட காதை அதிகம் கண்டிராத மென்பொருளின் கையில் கழுத்தோடு கரைந்துவிடும், இல்லையேல் சிறு கம்மலோடு கூடிய குட்டைக் காதாகச் சுருங்கும். இந்தியாவில் பெரியம்மையின் கடைசி நோயாளி கண்டறியப்பட்டது 1975இல்தான்; அதற்கு முந்தைய தலைமுறைப் படங்களில் அம்மைத் தழும்புள்ள முகங்கள் ஏராளம். அந்தத் தழும்புகள் எல்லாம் ஒரே தட்டலில் மறைந்து, அவரைத் தெரிந்தவர்கள் அடையாளம் சொல்லத் தடுமாறும் வழுவழுப்பான முகம் வந்து நிற்கும்.

சிங்கப்பூர் நான்யாங் பல்கலைக்கழகத்திலிருந்து 2022இல் வந்த கோட்ஃபார்மர் என்ற கருவி இந்தச் சிக்கலை ஓரளவு ஒப்புக்கொண்டு, 0 முதல் 1 வரை நகர்த்தக்கூடிய ஓர் அளவுகோலைப் பயனருக்கே கொடுக்கிறது. 0 பக்கம் நகர்த்தினால் முகம் அழகாகும், 1 பக்கம் நகர்த்தினால் மூலத்துக்கு விசுவாசமாக இருக்கும். அழகும் விசுவாசமும் எதிரெதிர் முனைகளில் இருக்கின்றன என்பதை இவ்வளவு நேர்மையாகச் சொல்லும் செயலியை ஆப் ஸ்டோர்களில் நான் பார்த்ததில்லை. சொந்தக் கணினியிலேயே இயங்கும் அப்ஸ்கேல் போன்ற இலவச மென்பொருள்களுக்கு இன்னொரு நன்மையும் உண்டு: குடும்பத்தின் முகங்கள் எவருடைய சர்வருக்கும் போவதில்லை. இலவசச் செயலிகளில் ஏற்றிய படம் என்னவாகும் என்பதை அவற்றின் விதிமுறைகளில் தேடிப் படித்துவிட்டு ஏற்றுவது நல்லது.

நான்காம் வழி, எழுதிக் கேட்பது. சாட்ஜிபிடியின் புதிய படக்கருவி 2025 மார்ச்சிலும், நானோ பனானா என்று பெயர் பெற்ற ஜெமினியின் கருவி அதே ஆண்டு ஆகஸ்டிலும் வந்தபின் இது வெகு பரவலாகிவிட்டது. கிழிசலை மூடுவதிலும் காணாமற்போன மூலையை நிரப்புவதிலும் இவற்றின் திறமை வியப்பூட்டுவதே. ஆனால் இவை சேதமான இடத்தை மட்டும் ஒட்டுப்போடுவதில்லை. பல வேளைகளில் படம் முழுவதையும் புதிதாக வரைந்து தருகின்றன. பள்ளி குழுப் படத்தின் முன்வரிசைக் காலடியில் வைத்த சிலேட்டைப் பாருங்கள். வகுப்பும் ஆண்டும் எழுதிய அந்தச் சுண்ணாம்பு எழுத்துகள் தமிழைப் போலத் தோன்றும் வேறேதோ கிறுக்கலாக மாறியிருக்கக்கூடும். எழுத்தில் நடந்தது கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிறது. பின்வரிசை முகங்களில் நடந்தது தெரிவதில்லை. மூலத்தையும் விளைவையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து மாற்றி மாற்றிப் பார்த்தால், கண்களுக்கிடையிலான தூரமும் தாடையின் அகலமும் நகர்ந்திருப்பது புலப்படும். இவை தரும் விளைவை அப்படியே ஏற்பதற்கு மாறாக, அதை ஒரு லேயராக மூலத்தோடு பொருத்தி, பின்னணியையும் கிழிசலையும் மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொண்டு, முகங்களின் மேல் அந்த லேயரை மாஸ்க் போட்டு மறைத்து மூல முகங்களையே காட்டுவது நான் கண்டவரையில் சிறந்த சமரசம்.

வண்ணமேற்றும் ஆசைக்கும் ஓர் எல்லை வேண்டும். மைஹெரிடேஜ் 2020இல் வண்ணமேற்றும் வசதியைக் கொண்டுவந்தபோது அதற்கு அடிப்படையாக இருந்தது டிஓல்டிஃபை என்ற மென்பொருள். சாம்பல் நிறத்தின் அடர்த்தியிலிருந்து நிறத்தை ஊகிக்கும் இத்தகைய முறைக்குப் பழைய படங்களில் ஒரு பொறி காத்திருக்கிறது. முற்காலத்தில் வெகுவாகப் புழங்கிய ஆர்த்தோகுரோமேட்டிக் என்ற வகை நெகட்டிவ் தட்டுகள் சிவப்பு ஒளியை உணராதவை. ஆகவே அரக்குச் சேலை ஏறக்குறைய கறுப்பாகவும், குங்குமப் பொட்டு மைப்பொட்டாகவும், வெளிர்நீலம் வெள்ளையாகவும், மாநிறம் இருந்ததைவிடக் கறுத்தும் பதிந்திருக்கும். மென்பொருள் அந்தச் சேலையைப் பழுப்பாகவோ கருநீலமாகவோ ஆக்கிவிடும். கூறைச் சேலையின் நிறம் நினைவிருக்கும் ஒருவர் வீட்டில் உயிரோடு இருந்தால் அவரைக் கேட்டுவிட்டுச் செய்யலாம். இல்லையேல் கறுப்பு வெள்ளையாகவே விடுவதில் குறையொன்றும் இல்லை. 2021 ஏப்ரலில் வைஸ் இதழ் வெளியிட்ட கம்போடியாவின் துவோல் ஸ்லெங் சிறைக்கைதிகளின் வண்ணப் படங்களில், வண்ணத்தோடு சேர்த்துச் சில முகங்களில் புன்னகையும் ஏற்றப்பட்டிருந்தது தெரியவந்து, கம்போடிய அரசு கண்டித்தபின் அவை நீக்கப்பட்டன. கொல்லப்படப் போகிறவரின் முகத்தில் ஒட்டிய புன்னகையோடு நம் வீட்டுப் படத்தை ஒப்பிட முடியாதுதான். ஆனால் மென்பொருளில் நகர்த்தும் அளவுகோல் ஒன்றே.

இனி முடிவெடுக்க வேண்டிய இடம். ஒருவருக்கு எஞ்சியிருப்பது ஒரே படம் என்றால், அதில் கண், மூக்கு, வாய் ஆகிய பகுதிகளை எந்தச் செயலிக்கும் கொடுக்கக் கூடாது. நாமே கையால் செய்ய வேண்டும், அல்லது நிபந்தனையோடு ஸ்டூடியோவில் கொடுக்க வேண்டும். அவருக்கு வேறு தெளிவான படங்கள் இருந்தால் செயலியின் விளைவை அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வழியிருக்கிறது; ஒத்திருந்தால் வைத்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப் குழுவில் பகிர்வதற்கும் நினைவஞ்சலிப் பதாகைக்கும் செயலியே போதும், அந்தக் கோப்பு மூலத்தின் இடத்தில் போய் உட்காராத வரையில். இதற்கு எளிய ஏற்பாடு, ஒவ்வொரு படத்துக்கும் மூன்று கோப்புகளை வெவ்வேறு பெயரில் வைப்பது: கைபடாத ஸ்கேன், கையால் சுத்தம் செய்தது, அலங்காரப் பிரதி. மூன்றாவதன் ஓரத்தில் 'செயலியால் திருத்தியது' என்று சிறு எழுத்தில் அச்சிட்டுவிட்டால் பேரப்பிள்ளைகள் ஏமாற மாட்டார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு தமிழகத்தின் பழைய ஸ்டூடியோப் படங்களை டிஜிட்டல் ஆக்கியபோது, கறையையும் பூஞ்சையையும் இருந்தபடியே பதிந்தது. முதல் கோப்புக்கு அதுவே முன்மாதிரி.

நூற்றுக்கணக்கில் படங்கள் இருந்து நேரம் குறைவாக இருப்பவர்கள், பழையவற்றிலிருந்து தொடங்காமல் 1970களுக்கும் 80களுக்கும் உரிய வண்ணப் படங்களிலிருந்து தொடங்குவது நல்லது. கறுப்பு வெள்ளைப் படத்தில் இருப்பது வெள்ளி. ஒழுங்காகக் கழுவி உலர்த்தியதாக இருந்தால் அது இன்னும் பல காலம் தாங்கும். வண்ணப் படத்தில் இருப்பது சாயம். ஆல்பத்தில் இருட்டில் கிடந்தாலும் அக்காலத் தாள்களில் பச்சைநீலச் சாயம் முதலில் வெளிறுவதால்தான் படங்கள் செக்கச்செவேலென்று மாறுகின்றன. இன்று மிச்சமிருக்கும் நிறம் நாளாக நாளாக மேலும் குறையும். இவற்றுக்குச் செயற்கை நுண்ணறிவு எதுவும் வேண்டாம். 16 பிட்டில் ஸ்கேன் செய்து, ஒளியளவைத் திருத்தும் லெவல்ஸ் கருவியில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றையும் தனித்தனியே திறந்து, ஒவ்வொன்றின் இரு முனைகளையும் வரைபடம் தொடங்கும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் நகர்த்தினாலே வேட்டி வெள்ளையாகும், வாழையிலை பச்சையாகும். ஒட்டும் பக்கங்கள் கொண்ட ஆல்பத்தில் படம் இறுகியிருந்தால் பிய்க்காமல் பக்கத்தோடு ஸ்கேன் செய்ய வேண்டும். ஸ்டூடியோ உறைகளைத் தூக்கி எறியும் முன் உள்ளே நெகட்டிவ் இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். வெளிச்சம் படாமல் கிடந்த நெகட்டிவ், அதிலிருந்து அன்று போட்ட பிரிண்ட்டைவிட அதிக விவரம் வைத்திருக்கும்.